கடலூரில் எல்.கே.ஜி. வயதுக் குழந்தைக்கு அரசுப் பணம்: எந்த வாசலில், எப்போது, எப்படிக் கேட்பது

குழந்தைக்கு மூன்று வயது முடிந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, “எந்த ஸ்கூல்ல ஃபீஸ் கம்மி?” என்பதுதான். அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடலாம். இந்த வயதுக் குழந்தைகளுக்காக அரசு ஏற்கெனவே பணம் ஒதுக்கியிருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் அது நான்கு வாசல்கள் வழியாக வருகிறது. முதலாவது அங்கன்வாடி. இரண்டாவது, சில அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. மூன்றாவது, தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) கீழ் அரசு கட்டணம் கட்டும் இடம். நான்காவது, வேலைக்குப் போகும் தாய்மாருக்கான காப்பகம்.

நான்குக்கும் ஒரே விதிதான்: பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் பணம் ஏறும். குழந்தை தினமும் போய்ச் சாப்பிட்டு வந்தாலும் பெயர் இல்லையென்றால் கணக்கில் அந்தக் குழந்தை இல்லை. எனவே இங்கே சொல்லப்போவதில் பாதி, பெயரை எங்கே, எந்த மாதத்தில், எந்தக் காகிதத்தோடு ஏற்றுவது என்பதைப் பற்றியது.

வயதுக் கணக்கை முதலில் முடித்துவிடுங்கள்

தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கைக்கான கணக்குத் தேதி ஜூலை 31. அன்று மூன்று வயது முடிந்திருந்தால் எல்.கே.ஜி., ஐந்து முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. 2024-25 ஆர்.டி.இ. சேர்க்கையில் எல்.கே.ஜி.க்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்களை எடுத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் இதில் ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இதனால் கிட்டத்தட்ட ஓராண்டு கூடுதலாகக் காத்திருக்க நேரும். பிறந்த தேதியை “கொஞ்சம் முன்னால தள்ளிப் போட்டுக்கலாம்” என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் இருக்கும். கேட்காதீர்கள். பிறப்புச் சான்றில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று ஆகிவிட்டால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அந்தச் சிக்கல் கூடவே வரும். அந்த ஓராண்டுக்கு அங்கன்வாடி இருக்கிறது. அங்கே இரண்டு வயது முடிந்த குழந்தையையே உட்கார வைத்துக்கொள்வார்கள்.

பணம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது

இதைத் தெரிந்துகொள்வது மனு எழுதும்போது உதவும். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி என்பது அடிப்படை உரிமை. அது அரசியலமைப்பின் 21ஏ பிரிவு. ஆறு வயதுக்குக் கீழே 45-ஆவது பிரிவு, அரசு “முயல வேண்டும்” என்ற அளவோடு நின்றுவிடுகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஏற்பாடு “செய்யலாம்” என்றுதான் சொல்கிறது.

சாப்பாடு அப்படியில்லை. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவச உணவு கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் 8-ஆவது பிரிவின்படி மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும். அதனால் மையம் சரியாகத் திறப்பதில்லை என்று மனு எழுதுகிறவர்கள், “பாடம் நடத்துவதில்லை” என்று தொடங்காமல் “உணவு வழங்கப்படவில்லை” என்று தொடங்குவது நல்லது. முதல் புகாருக்கு ஆறுதலாக ஒரு பதில் வரும். இரண்டாவதற்கு அலுவலர் எழுத்தில் விளக்கம் தர வேண்டியிருக்கும்.

ஐ.சி.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. இப்போது ‘சக்ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0’ என்ற பெயரில் நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு உணவுச் செலவில் மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. மற்றச் செலவுகளில் 60-க்கு 40. 2017-இல் நிர்ணயித்த அளவின்படி ஒரு குழந்தைக்கு ஒரு நாள் உணவுக்கு 8 ரூபாய். கடுமையான எடைக்குறைவு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 300 நாள். கணக்குப் போட்டால் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய்தான். இருபது குழந்தைகள் உள்ள மையத்துக்கு 48,000. முட்டை விற்கும் விலையில் இது எவ்வளவு சிறிய தொகை என்று வீட்டில் சமைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு தன் கையிலிருந்து சேர்ப்பதால்தான் இங்கே வாரம் மூன்று முட்டை போடுகிறார்கள்.

காகிதங்கள்: பிப்ரவரியிலேயே கையில் இருக்கட்டும்

பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல சான்றுகளில் பெற்றோர் பெயர் மட்டும் இருக்கும், குழந்தை பெயருக்கான இடம் காலியாக இருக்கும். பிறந்து ஓராண்டுக்குள் என்றால் இலவசமாகச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு பதினைந்து வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த ஊரில். பிரசவம் கோரிமேடு ஜிப்மரில் நடந்திருந்தால் கடலூர் மாநகராட்சியில் தேடிப் பயனில்லை. அந்த இடம் உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் வருகிறது, சான்றும் திருத்தமும் புதுச்சேரி அரசின் வழியாகத்தான். புதுச்சேரி டவுனில் தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கும் இதே கதிதான். பெயர் சேர்க்க ஒரு நடை போய்வர வேண்டியிருக்கும். ஏப்ரலில் ஆர்.டி.இ. விண்ணப்பம் திறந்த பிறகு ஓடாமல், முன்பே முடித்துவிடுங்கள்.

குழந்தைக்கு ஆதார்: ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை, கண் பதிவு கிடையாது, புகைப்படமும் பெற்றோரில் ஒருவரின் ஆதாரும் போதும். ஐந்து வயதானதும் பயோமெட்ரிக் புதுப்பிக்க வேண்டும். தாயின் ஆதாரில் இருக்கும் செல்போன் எண் இப்போதும் உபயோகத்தில் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிம் மாற்றிவிட்டு ஆதாரில் பழைய எண்ணை விட்டுவைத்திருப்பதுதான் அங்கன்வாடிப் பதிவில் அதிகம் நிற்கும் இடம். ஓ.டி.பி. அந்தப் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

வருமானச் சான்று: ஆர்.டி.இ.யில் நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும் தேவை. குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வரும். ஓராண்டுதான் செல்லும். மே, ஜூனில் ஜமாபந்தி என்ற வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கையில் வி.ஏ.ஓ.க்கள் மாட்டிக்கொள்வதால், அப்போது விண்ணப்பித்தால் இழுக்கும். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வருமான வரம்பு கிடையாது. அவர்களுக்குச் சாதிச் சான்று போதும். இதைத் தெரியாமல் இரண்டையும் வாங்க அலைகிறவர்கள் நிறையப் பேர்.

அங்கன்வாடி: பெயர் ஏற்றுவது

வயதானவர்கள் இன்னும் ‘பால்வாடி’ என்றுதான் சொல்கிறார்கள். இங்கே சேர்க்கைக்கு மாதம் கிடையாது. எந்த நாளும் சேர்க்கலாம், வருமான வரம்பும் சாதிக் கணக்கும் இல்லை.

1. உங்கள் தெரு எந்த மையத்தின் கணக்கெடுப்பு எல்லையில் வருகிறது என்று கேளுங்கள். 400 முதல் 800 பேர் வரை மக்கள் தொகைக்கு ஒரு மையம் என்பது கணக்கு. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் மாதிரி நெருக்கமான இடங்களில் பக்கத்துத் தெரு மையம் உங்களுக்கு உரியதாக இருக்காது. டீச்சரிடம் கேட்டால் குடும்பப் பதிவேட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார்.

2. தாயின் ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, தடுப்பூசி போட்ட தாய் சேய் நல அட்டை, செல்போன் ஆகியவற்றோடு தாயே நேரில் போவது நல்லது. குழந்தைக்கு ஆதார் இல்லையென்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. தாயின் ஆதாரை வைத்தே பதியலாம்.

3. அங்கன்வாடிப் பதிவுக்கான ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பெயர் ஏறியதை டீச்சரின் செல்போனில் உங்கள் கண்ணால் பாருங்கள். நோட்டில் எழுதியதோடு திரும்பிவிடாதீர்கள். மாதம் தோறும் மேலே போகும் எண்ணிக்கை இந்தச் செயலியிலிருந்துதான் போகிறது.

4. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவு வாங்குகிறவர்களுக்கு, 2025 ஜூலை 1 முதல் முக அடையாளப் பதிவு கட்டாயம். வாங்க வரும் பெற்றோரின் ஆதாரைச் சரிபார்த்து, பிறகு முகத்தைப் படம் எடுத்து ஒப்பிடுவார்கள். ஒருநாள் பாட்டியை அனுப்பினால் செயலி ஏற்காது. கேமராவுக்கு வெளிச்சம் போதாமல் மறுப்பதும் உண்டு. வாசலுக்கு வந்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இங்கே அடிக்கடி கெடுவது எது? தாய்வீடு. பிரசவத்துக்குப் போன இடத்தில், சொல்லப்போனால் பண்ருட்டிப் பக்கத்து ஊரில், கர்ப்பிணியாகப் பெயர் பதிந்திருப்பார்கள். குழந்தையும் அந்த மையத்திலேயே ஏறியிருக்கும். பிறகு புகுந்த வீடு வந்து புதிதாகப் பதியப் போனால், ஆதார் ஏற்கெனவே உள்ளது என்று செயலி நிறுத்திவிடும். புதிதாகப் பதிய முயல வேண்டாம். பழைய மையத்திலிருந்து இடமாற்றம் செய்யச் சொல்ல வேண்டும். பழைய மையத்தின் பெயரும் அந்த டீச்சரின் செல்போன் எண்ணும் இருந்தால் வேலை எளிது. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் கிளம்பும் முன்பே இதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். போகிற ஊரிலும் குழந்தைக்கு அதே உரிமை உண்டு.

என்ன கிடைக்க வேண்டும்

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்பது 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் முதலில் போட்டிருந்த அளவு. கடும் எடைக்குறைவு என்றால் 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். தமிழ்நாட்டு மையங்களில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு குழந்தைக்கு 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு, அதோடு காய்கறி, கலவை சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை. முட்டை இல்லாத நாள்களில் சுண்டல், பயறு, உருளைக்கிழங்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அன்றன்றைய பட்டியல் சுவரில் இருக்க வேண்டும்.

எடை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். எடை மட்டும் போதாது, உயரமும் எடுத்தால்தான் உயரத்துக்கேற்ற எடை தெரியும். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் நடுக்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது ஆபத்தான நிலை. அன்றே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு எழுதித்தரச் சொல்லுங்கள். 2022-இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் சிறப்புச் சத்துணவு இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத்தான். பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். காது கேட்பதில், பேச்சில், பார்வையில் சந்தேகம் இருந்தால் அந்தத் தேதியைக் கேட்டு வைத்து, அன்று குழந்தையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

படிப்பு விஷயத்தில் பெற்றோரின் எதிர்பார்ப்புதான் பல சமயம் தடம் மாறிவிடுகிறது. “மூணு மாசம் ஆச்சு, ‘அ’ கூட எழுதல” என்று குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மூன்று வயது விரலுக்குப் பென்சில் பிடிக்கும் வலு வரவில்லை. களிமண் உருட்டுவதும், மணி கோர்ப்பதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும் அந்த வலுவுக்காகத்தான். தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு கருப்பொருளாகப் பாட்டு, கதை, விளையாட்டு என்று போகிறது. வயதுக்கேற்ற செயல்பாட்டுப் புத்தகமும் தருகிறார்கள். அதனால் நோட்டைப் பார்க்காமல் இவற்றைப் பாருங்கள்: அந்தச் செயல்பாட்டுப் புத்தகத்தில் இந்த மாதப் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றனவா? குழந்தை வீட்டுக்கு வந்து புதுப் பாட்டு பாடுகிறதா? விளையாட்டுச் சாமான் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, இல்லை உடைந்துவிடும் என்று பீரோவில் பூட்டியிருக்கிறதா? முன்பருவக் கல்விப் பெட்டிக்கு மையத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கீடு உண்டு. பூட்டி வைத்த பெட்டியால் யாருக்கும் பயனில்லை. உடைந்தால் டீச்சரிடம் காசு பிடிக்க மாட்டோம் என்று பெற்றோர் நாலு பேர் சேர்ந்து மேற்பார்வையாளர் முன்னிலையில் சொன்னால் பூட்டு திறக்கும்.

நடுநிலைப் பள்ளி வளாகத்து எல்.கே.ஜி.

2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. 2022-இல் அவற்றை நிறுத்தும் பேச்சு வந்தது. எதிர்ப்பு எழவே அரசு முடிவை மாற்றிக்கொண்டது. பிறகு பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை அமர்த்தினார்கள். இந்த வாசலின் பலமும் பலவீனமும் இதிலேயே இருக்கின்றன. சாப்பாடு அங்கன்வாடியிலிருந்து வருகிறது, வகுப்பு பள்ளியில் நடக்கிறது, கட்டணம் இல்லை, ஒன்றாம் வகுப்புக்கு அதே வளாகத்தில் போய்விடலாம். ஆனால் ஆசிரியர் தற்காலிகம்.

சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆண்டுக்குச் சிறப்பாசிரியர் வந்துவிட்டாரா? குழந்தையின் பெயரைப் ‘எமிஸ்’ என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் ஏற்றுவீர்களா? சாப்பாட்டுக் கணக்கு எந்த மையத்தில்? மூன்றாவதற்குப் பதில் தடுமாறினால், அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயர் இருப்பதை நீங்களே போய்ப் பாருங்கள். இரு துறைகளுக்கு நடுவே குழந்தை விடுபடுவது இந்த இடத்தில்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. ஆசிரியர் வரவில்லை என்றால் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடச் சொல்லலாம்.

தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. இடம்

கல்வி உரிமைச் சட்டம் 12(1)(சி) பிரிவின்படி, தனியார் பள்ளி தன் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பள்ளிகளுக்கு நுழைவு வகுப்பு எல்.கே.ஜி. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு முழு விலக்கு கொடுத்துவிட்டது. கடலூரில் பழைய பெயர் பெற்ற பள்ளிகள் சில அந்தப் பட்டியலில் வருவதால், ஆசைப்பட்ட பள்ளி இணையதளத்தில் தெரியவில்லையென்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

வழக்கமான ஆண்டில் விண்ணப்பம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதம் வரை இருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் ஆர்.டி.இ. இணையதளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். வட்டார வள மையத்திலும் கல்வி அலுவலகங்களிலும் இலவசமாகப் பதிந்து தருவார்கள். பிரவுசிங் சென்டரில் செய்தால் செல்போன் எண் உங்களுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எண்ணைப் போட்டுவிட்டால் குலுக்கல் தேதி அவருக்குத்தான் வரும்.

படிவத்தில் மிக முக்கியமான இடம் வரைபடம். வீட்டை அதில் குறித்தால், அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகள் மட்டும் வரும். அவற்றில் ஐந்து வரை தேர்ந்தெடுக்கலாம். புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் பட்டியல் மாறிவிடும். கெடிலத்துக்கு அந்தப் பக்கம் கண்ணெதிரே தெரியும் பள்ளி பட்டியலில் வரும், பாலம் சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர் ஆகும். வரிசை போடும்போது நடைத்தூரத்தை நினைத்துப் போடுங்கள், ஏனென்றால் வேன் கட்டணத்தை அரசு தருவதில்லை. முகவரிச் சான்றில் இருக்கும் வீடும் வரைபடத்தில் குறித்த வீடும் வேறாக இருந்தால் சரிபார்ப்பில் தள்ளிவிடுவார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் ஆதார் முகவரியை ஏப்ரலுக்கு முன் மாற்றிவிடுவது பாதுகாப்பு.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் எல்லை நேர்க்கோடாக இல்லை. பாகூர்ப் பக்கத்து ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் பின்னிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டு இணையதளத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மட்டுமே வரும். தெரு தாண்டினால் புதுச்சேரிப் பள்ளி என்றாலும் அது வேறு அரசு, வேறு துறை. அங்கே குடியிருப்பவர்கள் புதுச்சேரியின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை, பள்ளிக் கல்வித் துறை ஆகியவற்றில் தனியாகக் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் இடங்களைவிட அதிகமாக இருந்தால் பள்ளியிலேயே குலுக்கல். ஆதரவற்றோர், எச்.ஐ.வி. பாதிக்கப்பட்டோர், மூன்றாம் பாலினத்தவர், தூய்மைப் பணியாளர் குழந்தைகள், மாற்றுத் திறனாளிக் குழந்தைகள் ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே இடம். குலுக்கல் நாளில் கல்வித் துறைப் பிரதிநிதி இருக்க வேண்டும். போய் உட்காருங்கள். காத்திருப்போர் பட்டியலில் உங்கள் எண் என்ன என்பதையும் எழுதி வாங்குங்கள். கிடைத்தவர்களில் சிலர் வேறு பள்ளிக்குப் போய்விடுவது வழக்கம்.

இடம் கிடைத்த பிறகு பணப் பேச்சு. ஒரு குழந்தைக்கு அரசு தான் செலவழிக்கும் தொகை, பள்ளியின் உண்மையான கட்டணம், இவற்றில் எது குறைவோ அதைப் பள்ளிக்கு அரசு திருப்பித் தரும். அந்தப் பணம் பள்ளிக்குத் தாமதமாகத்தான் போகிறது. அதனால், “இப்ப கட்டுங்க, அரசு கொடுத்ததும் திருப்பித் தர்றோம்” என்று சில பள்ளிகள் கேட்கின்றன. பள்ளியின் நெருக்கடி உண்மைதான், ஆனாலும் அதைப் பெற்றோர் தலையில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை. நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல், தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. சீருடை, புத்தகச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. எதற்காகப் பணம் கேட்டாலும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ரசீது ஏன் முக்கியம் என்பதற்கு 2025-26 நல்ல உதாரணம். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2024-25-ஆம் ஆண்டுப் பணம், 2,152 கோடி ரூபாய், மத்திய அரசிடம் நின்றுபோனது. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததை ஒட்டி எழுந்த பிணக்கு அது. ஆர்.டி.இ. சேர்க்கை ஏப்ரலில் தொடங்கவே இல்லை. ஒரு பகுதிப் பணம் விடுவிக்கப்பட்ட பிறகு அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவும் ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்து படிக்கும் குழந்தைகளில் தகுதியானவர்களை எடுத்துக்கொள்ளும் முறையில், கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாட்டோடு. ரசீதும் சான்றுகளும் வைத்திருந்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது. இனி எந்த ஆண்டிலும் விண்ணப்பம் தள்ளிப்போகலாம் என்று நினைத்து, குழந்தையை இடையில் அங்கன்வாடியில் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம். ஆர்.டி.இ. கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். 2025-26 போல ஏற்கெனவே பள்ளியில் படிப்பவர்களை மட்டும் எடுத்தால் இது உதவாது.

ஒரு கணக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆர்.டி.இ. இடம் கட்டணத்தை மிச்சமாக்கும், சாப்பாடு தராது. மதியச் சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது எல்லாம் அங்கன்வாடியோடு நின்றுவிடும். குழந்தை எடைக்குறைவாக இருக்கும் வீட்டில், பள்ளியும் வேன் தூரத்தில் இருந்தால், ஐந்து வயது வரை அங்கன்வாடியில் இருந்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. பள்ளி நடைத்தூரத்தில் இருந்து குழந்தையும் திடமாக இருந்தால் ஆர்.டி.இ. எட்டாம் வகுப்பு வரை கைகொடுக்கும். இடையில் நீக்க முடியாது. ஆர்.டி.இ. சேர்க்கை ஆணையை லேமினேட் செய்து வையுங்கள். எட்டாம் வகுப்பு வரை ஆர்.டி.இ.யில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். அன்று இந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

காப்பகம்

‘பால்னா’ என்ற பெயரில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பகல் காப்பகத்துக்கு மத்திய, மாநில அரசுகள் 60-க்கு 40 என்று பணம் தருகின்றன. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகமாகவும் நடத்தலாம். எல்லா ஊரிலும் இது இல்லை. பண்ருட்டி வட்டார முந்திரித் தொழிலிலும், சிப்காட் பக்கத்திலும், மீன் இறங்குதளங்களிலும் வேலை பார்க்கும் தாய்மார் அதிகம் உள்ள இடங்களில், எத்தனை குழந்தைகள், எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது என்று பட்டியல் எழுதி, கையெழுத்தோடு, அங்கன்வாடிகளைக் கவனிக்கும் மாவட்டத் திட்ட அலுவலரிடம் கொடுத்துப் பாருங்கள். தேவை எழுத்தில் இல்லாத இடத்துக்குத் திட்டம் வராது.

கட்டடம் ஒழுகினால்

நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மையங்களில் முதலில் நனைவது அரிசி மூட்டை. புதுக் கட்டடத்துக்கு போஷன் 2.0 வழிகாட்டுதலில் போட்ட கணக்கு 12 லட்சம் ரூபாய்: நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து 8 லட்சம், நிதிக் குழு மானியம் போன்ற வழியில் 2 லட்சம், பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2 லட்சம். கழிப்பறைக்கு 36,000, குடிநீருக்கு 17,000 தனி. இவை கேட்டால்தான் நகரும், கேட்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நோட்டில் மையத்தின் பெயரும் குறையும் எழுதப்பட்டதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முன்கூட்டிப் போட்ட கையெழுத்துக்குக் கீழே என்ன எழுதுவார்கள் என்று சொல்ல முடியாது.

நெய்வேலிச் சுரங்கத்தால் இந்த மாவட்டத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. சுரங்க நிறுவனங்கள் கட்டும் பணத்தில் நடக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியின் பெரும்பகுதி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலன் ஆகியவற்றுக்குத்தான். கம்மாபுரம், குறிஞ்சிப்பாடி பக்கத்துச் சுரங்கக் கிராமங்கள் ஆட்சியரிடம் இதன் பெயரைச் சொல்லியே கேட்கலாம். சிறு பழுதுகளுக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் பொருந்தும். ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும்.

கிடைக்காதபோது

மையம் பூட்டியிருந்தால் உடனே டீச்சரைக் குறை சொல்லிவிட வேண்டாம். காலிப் பணியிடங்களால் ஒருவர் இரண்டு மையங்களைப் பார்ப்பது சகஜம். கூடுதல் பொறுப்பா என்று கேட்டால், புகார் எழுத வேண்டியது அவர்மீதா, காலியிடத்தைப் பற்றியா என்பது தெளிவாகிவிடும். எட்டு ரூபாய் உணவுக்கும், தேர்தல் கணக்கெடுப்புக்கும், செயலிப் படத்துக்கும் ஒரே ஆள்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

வரிசை இது: மேற்பார்வையாளர், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், மாவட்டத் திட்ட அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். போனில் என்றால் முதலமைச்சர் உதவி மையம் 1100, போஷன் உதவி எண் 14408. ஆர்.டி.இ. புகார் என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். பேச்சில் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவுக்கு ரசீது எண் வாங்குங்கள். மனுவில் “பல நாளாக” என்று எழுதாமல் தேதி எழுதுங்கள். எந்தெந்தத் தேதியில் திறக்கவில்லை, எந்த வாரம் முட்டை வரவில்லை என்று காலண்டரில் குறித்து வந்தால் அதையே நகலெடுத்து இணைக்கலாம்.

அப்படியும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மாவட்டத் திட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில். ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். ஆவண நகல் கேளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் இந்த மையம் இயங்கிய நாள்களின் பட்டியல், மாதவாரியாகப் பதிவான குழந்தைகளின் எண்ணிக்கை, உணவு உண்டவர்களின் எண்ணிக்கை, வந்து இறங்கிய முட்டைகளின் எண்ணிக்கை, முன்பருவக் கல்விப் பெட்டி கடைசியாக எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்பதற்கான பதிவேட்டு நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒரு மனுவில் ஒரு மையத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஒன்றியம் முழுவதையும் கேட்டால், திரட்டித் தர இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிட வழி கிடைத்துவிடும்.